சீமையில் படிக்கும் நாட்கள்

கடல் கடந்து படிக்கச் செல்லும் பிள்ளையிடம் வீட்டாரும் உற்றாரும் வழக்கமாகக் கேட்கும் வினாக்கள் மூன்று. எந்தக் கல்லூரி? எத்தனை ஆண்டு? எவ்வளவு பணம்? மூன்றும் கேட்க வேண்டியவையே. நான்காவது வினா ஒன்றும் உண்டு. அதைப் பெரும்பாலும் எவரும் கேட்பதில்லை. அங்கே உன் நாள் எப்படிக் கழியும்? காலையில் என்ன உண்பாய், குளிருக்கு எதைப் போர்த்திக்கொள்வாய், காய்ச்சல் வந்தால் யாரிடம் சொல்வாய், ஞாயிற்றுக்கிழமையில் எங்கே போவாய் என்பதே அந்த வினா. பட்டத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் எண்ணலாம். நெருங்கிய தொடர்பு உண்டு என்பதைச் சில மெய்யான வரலாறுகளைக் கொண்டு இன்று சொல்ல விரும்புகிறேன்.

மாணவ நண்பர்களே, நான் வடசென்னையில் பேசின் பிரிட்ஜை அடுத்து வாழ்பவன். அந்தப் பக்கத்துப் பள்ளிகளிலேயே முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணிதம் கற்பித்து, தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். சென்ட்ரலை நோக்கி வரும் ரயில் சைகைக்காகக் காத்து நிற்கும் இடம் என்றே பேசின் பிரிட்ஜைப் பலர் அறிவர். அரக்கோணத்திலிருந்து வரும் தடமும் கும்மிடிப்பூண்டியிலிருந்து வரும் தடமும் அங்கேதான் கூடுகின்றன. அங்கிருந்து கிழக்கே சென்றால் ராயபுரம். அதை ஒட்டித் துறைமுகம். அந்தத் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக இருந்து, அதே துறைமுகத்தில் கப்பலேறிச் சீமைக்குப் படிக்கச் சென்ற ஒருவரை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அவர் கணித மேதை சீனிவாச இராமானுஜன். அவருடைய கணிதத்தைப் பற்றிப் பெரியோர் பலர் பேசியிருக்கிறார்கள். நான் இன்று பேசப்போவது அவர் அங்கே உண்டது, உறங்கியது, பழகியது பற்றி.

இராமானுஜன் சென்னைத் துறைமுகக் கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தது 1912 மார்ச் 1-ஆம் நாள். மாதச் சம்பளம் 30 ரூபாய். அடுத்த ஆண்டு ஜனவரி 16-இல் கேம்பிரிட்ஜில் இருந்த பேராசிரியர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதம் அவருடைய வாழ்வை மாற்றியது. 1913 மே மாதத்திலிருந்து சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை அளித்தது. 1914 தொடக்கத்தில் சென்னைக்குச் சொற்பொழிவாற்ற வந்த நெவில் என்னும் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் அவரை நேரில் கண்டு, இங்கிலாந்துக்கு வர இணங்கச் செய்தார். பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் கொடுக்க முன்வந்தது. பின்னர்த் திரினிட்டிக் கல்லூரி மேலும் 60 பவுன் அளித்தது. கும்பகோணத்தில் இருந்த பெற்றோருக்கு ஒரு பகுதி போனாலும், எளிய வாழ்க்கையினரான அவருக்குப் பணத்தால் குறை நேரவில்லை என்பதை மனத்தில் வையுங்கள்.

புறப்படுமுன் நண்பர்கள் அவரைப் பயணத்துக்கு ஆயத்தம் செய்தார்கள். குடுமி எடுக்கப்பட்டது. கோட்டும் காற்சட்டையும் தைக்கப்பட்டன. காலணி வாங்கப்பட்டது. கத்தியையும் முள்கரண்டியையும் பிடித்து உண்ணும் முறையையும் அவர் பழகிக்கொண்டார். இவையெல்லாம் நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டவை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பிறர் பார்க்கும் இடத்தில் எப்படி இருக்க வேண்டும் என்பதை எல்லாரும் சொல்லிக் கொடுத்தார்கள். கதவைச் சாத்திய பிறகு, தனி அறையில், குளிர் நாட்டில், ஒரு மனிதன் எப்படி வாழ்வது என்பதை எவரும் சொல்லித் தரவில்லை.

1914 மார்ச் 17-ஆம் நாள் ‘நெவாசா’ என்னும் கப்பல் சென்னைத் துறைமுகத்தை விட்டது. முதல் சில நாட்கள் கடல் மயக்கம் அவரை வருத்தியது. பிறகு பயணம் இனிதாயிற்று. ஏப்ரல் 14-இல் கப்பல் இலண்டன் சேர்ந்தது. நெவில் காத்திருந்து அழைத்துப் போனார். இந்திய மாணவர்கள் வந்திறங்கித் தங்குவதற்கென்று இலண்டனில் குரோம்வெல் சாலையில் ஒரு விடுதி இருந்தது. அங்கே சில நாள் தங்கிவிட்டு, கேம்பிரிட்ஜில் நெவில் வீட்டுக்கே குடி போனார். ஏறத்தாழ இரண்டு மாதம் அவ்வீட்டில் இருந்தார். நெவிலும் அவர் மனைவியாரும் அவரை அன்போடு பார்த்துக்கொண்டார்கள். அந்த இரண்டு மாதமே அவர் சீமையில் ஒரு குடும்பத்தோடு வாழ்ந்த காலம். ஜூன் மாதம் கல்லூரியைச் சேர்ந்த ஹ்யூவெல் கோர்ட் என்னும் விடுதியில் அறை கிடைத்தது. ஹார்டியின் அறைக்கு அருகில் இருப்பது வேலைக்கு வசதி என்று அங்கே மாறினார்.

அந்த அறையில் நடந்த ஒரு செய்தியைப் பிற்காலத்தில் பெரிய புள்ளியியல் அறிஞராகப் புகழ்பெற்ற மஹலனோபிஸ் எழுதியிருக்கிறார். அவர் அப்போது கேம்பிரிட்ஜில் கிங்ஸ் கல்லூரி மாணவர். குளிர் தொடங்கிய நாளில் ஒருமுறை இராமானுஜனைப் பார்க்கப் போனார். இரவு குளிரால் தூக்கம் சரியில்லை என்றும், மேலங்கியை மாட்டிக்கொண்டு சால்வையும் போர்த்திப் படுப்பதாகவும் இராமானுஜன் சொன்னார். கம்பளி போதவில்லையோ என்று மஹலனோபிஸ் படுக்கை அறைக்குள் சென்று பார்த்தார். கட்டிலில் கம்பளிகள் பல இருந்தன! அவை மெத்தையின் ஓரங்களில் இறுகச் செருகப்பட்டு, மேலே ஒரு விரிப்பால் மூடப்பட்டிருந்தன. கம்பளிகளை விலக்கி அவற்றினுள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது இராமானுஜனுக்குத் தெரியவில்லை. விரிப்பின் மேலேயே அத்தனை இரவும் படுத்திருந்தார். மஹலனோபிஸ் கம்பளியை விலக்கிக் காட்டிய பிறகே அவருக்கு அந்த வழி புலப்பட்டது.

இதைக் கேட்டுச் சிரிக்கத் தோன்றும். சற்று நின்று எண்ணிப் பாருங்கள். பாயில் படுத்து வளர்ந்த கும்பகோணத்துப் பிள்ளைக்கு அந்தக் கட்டிலின் மரபு எப்படித் தெரியும்? அறிவுக் குறைவால் வந்த துன்பம் அன்று அது. எவரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. ஒரு நண்பர் அறைக்குள் வந்து ஒரு நிமிடம் செலவிட்டதும் துன்பம் தீர்ந்தது.

அடுத்தது உணவு. இராமானுஜன் கடுமையான சைவ உணவினர். கல்லூரிச் சமையலறையில் தரும் காய்கறியிலும் விலங்குக் கொழுப்பு கலந்திருக்குமோ என்னும் ஐயம் அவருக்கு இருந்தது. ஆகவே தம் அறையிலேயே தாமே சமைத்தார். மற்ற மாணவர்களும் ஆசிரியர்களும் நீண்ட மேசையில் கூடி உண்டு பேசிக் களிக்கும் வேளையில், அவர் அடுப்பின் முன் தனியே நின்றார். வேலை மும்முரத்தில் ஒரு நாளைக்கு ஒரே வேளை சமைப்பதும் உண்டு, அதுவும் தவறுவதுண்டு. முப்பது மணி நேரம் தொடர்ந்து வேலை செய்து, பிறகு இருபது மணி நேரம் உறங்குவதும் உண்டு என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர்.

அந்த அடுப்படியிலும் மகிழ்ச்சியான வேளைகள் இருந்தன. 1914 டிசம்பரில் ஒரு நாள் மஹலனோபிஸ் அவரோடு உண்ண வந்திருந்தார். இராமானுஜன் காய்கறியைக் கிளறிக்கொண்டிருந்தார். விருந்தினர் ‘ஸ்டிராண்ட்’ இதழில் வந்த ஒரு புதிரைப் படித்தார். ஒரு தெருவின் ஒரு பக்கத்தில் வீடுகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக இலக்கமிடப்பட்டுள்ளன. ஒரு வீட்டுக்கு இடப்புறமுள்ள இலக்கங்களின் கூட்டுத்தொகையும் வலப்புறமுள்ளவற்றின் கூட்டுத்தொகையும் சமம். வீடுகள் ஐம்பதுக்கு மேல், ஐந்நூறுக்குள். அந்த வீட்டின் இலக்கம் என்ன? மஹலனோபிஸ் சிறிது நேரத்தில் விடையைக் கண்டுபிடித்திருந்தார். இராமானுஜனோ கிளறுவதை நிறுத்தாமலே, இத்தகைய தெருக்கள் எத்தனை இருப்பினும் அத்தனைக்கும் பொருந்தும் விடையைத் தொடர் பின்னமாகச் சொல்லிவிட்டார். 288 வீடுகள் உள்ள தெருவில் 204-ஆம் வீடு என்பது ஒரு விடை. வீட்டுக்குப் போய் நீங்களே கூட்டிப் பாருங்கள். இருபுறமும் 20,706 வரும்.

உணவைப் பகிர்ந்துகொள்ள ஒரு நண்பர் இருந்த நாளில் அந்த அறை எவ்வளவு உயிரோட்டமாக இருந்தது! ஆனால் மஹலனோபிஸ் 1915-இல் இந்தியா திரும்பினார். அதற்கு முன்பே, 1914 ஆகஸ்ட் 4-இல், பிரிட்டன் முதல் உலகப் போரில் இறங்கியிருந்தது. கல்லூரி மாணவர்கள் படைக்குப் போனார்கள். கல்லூரி முற்றங்களில் காயமுற்ற வீரர்களுக்குப் படுக்கை போடப்பட்டது. இராமானுஜனின் கணிதத்தை ஹார்டியோடு சேர்ந்து ஆராய்ந்த லிட்டில்வுட் பீரங்கிப் படைக்குச் சென்றார். காய்கறியும் பாலும் பழமும் கிடைப்பது அரிதாயிற்று. ஊரிலிருந்து பொட்டலம் வருவதும் தடைப்பட்டது. நாடு திரும்பலாம் என்றாலோ கடலில் நீர்மூழ்கிக் கப்பல்களின் அச்சம்.

தனிமை ஒருவரை எப்படி நொய்யச் செய்கிறது என்பதற்கு இன்னொரு நிகழ்ச்சி. ஞானேஷ் சந்திர சட்டர்ஜி என்னும் இந்திய நண்பருக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. அவரையும் மணமகளையும் இராமானுஜன் தம் அறைக்கு விருந்துக்கு அழைத்தார். தாமே சமைத்துப் பரிமாறினார். ஒருமுறை ஊற்றினார், இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டார்கள். மூன்றாம் முறை, ‘போதும்’ என்று வந்திருந்த பெண்கள் மறுத்துவிட்டார்கள். சற்று நேரத்தில் விருந்தளித்தவரைக் காணவில்லை! வண்டியேறி எங்கோ போய்விட்டார். நான்கு நாள் கழித்து ஆக்ஸ்போர்டிலிருந்து, ஐந்து பவுன் அனுப்பும்படி சட்டர்ஜிக்குத் தந்தி வந்தது. நம் ஊரில் மூன்றாம் முறை மறுப்பது வழக்கமான உபசாரம். ஆனால் வெகு நாள் தனியே உண்டவர், பிறருக்கு அன்போடு சமைத்துப் போட்ட அன்று, அந்தச் சிறு மறுப்பை அவமதிப்பாகவே உணர்ந்தார். அவர் விரும்பிப் போன பயணங்களும் சில உண்டு. இலண்டனில் ‘சார்லியின் அத்தை’ என்னும் நகைச்சுவை நாடகம் பார்த்துக் கண்ணீர் வரச் சிரித்தார் என்று சொல்வார்கள். ஆனால் இத்தகைய வெளியூர்ப் பொழுதுகள் அவருடைய ஐந்தாண்டு வாழ்வில் மிகச் சிலவாகவே தெரிகின்றன.

இதே நாட்டில், இதே சைவ உணவோடு, இதே கூச்சத்தோடு படித்த இன்னொரு மாணவரை இப்போது பாருங்கள். 1888 செப்டம்பர் 4-இல் பம்பாயில் கப்பலேறிச் சட்டம் படிக்க இலண்டன் சென்ற மோகன்தாஸ் காந்தி அவர். அப்போது அவருக்கு வயது பத்தொன்பது நிறையவில்லை. கப்பலில் எவரோடும் பேசக் கூசி, வீட்டிலிருந்து கொண்டுபோன பண்டங்களை அறைக்குள்ளேயே உண்டு பயணம் முடித்தார். இலண்டனில் தங்கிய இடங்களில் ரொட்டி இரண்டு மூன்று துண்டுக்கு மேல் கேட்க வெட்கப்பட்டு, அரைப் பட்டினி கிடந்தார். தொடக்கம் இராமானுஜனுடையதைவிடக் கடினமானது என்றே சொல்லலாம்.

பிறகு அவர் செய்தது என்ன? நடந்தார். சைவ உணவு கிடைக்கும் விடுதியைத் தேடி நாள்தோறும் பத்து மைல், பன்னிரண்டு மைல் நகரம் முழுதும் நடந்தார். ஒரு நாள் பாரிங்டன் தெருவில் அப்படி ஒரு விடுதியைக் கண்டார். இங்கிலாந்துக்கு வந்தபின் வயிறார உண்டது அன்றுதான் என்று தம் சத்திய சோதனையில் எழுதுகிறார். அந்த விடுதி அவருக்குச் சோறு மட்டும் போடவில்லை. புத்தகம் தந்தது, சைவ உணவுச் சங்கத்தை அறிமுகப்படுத்தியது, நண்பர்களைத் தந்தது. நாளடைவில் அச்சங்கத்தின் நிர்வாகக் குழுவிலேயே அவர் இடம்பெற்றார். செலவில் ஒவ்வொரு காசுக்கும் கணக்கு எழுதினார். இரண்டு அறையை விட்டு ஓர் அறைக்கு மாறி, அடுப்பு வாங்கி, காலையில் தாமே ஓட்ஸ் கஞ்சி காய்ச்சிக்கொண்டார். வண்டிக்குக் கொடுக்கும் காசும் மிச்சமாயிற்று; நடையால் உடலும் உரம் பெற்றது.

விடுமுறையில் அவர் வெளியூர் போனார். பாரிஸ் பொருட்காட்சியைக் காண ஏழு நாள் சென்றார். அங்கும் முதலில் செய்தது, சைவ உணவு விடுதி ஒன்றின் பெயரைத் தெரிந்துகொண்டு, அங்கேயே அறை எடுத்ததுதான். ஐஃபெல் கோபுரத்தில் இரண்டு மூன்று முறை ஏறினார். பிரைட்டன் என்னும் கடற்கரை ஊருக்குப் போனபோது, உணவு விடுதியில் பிரெஞ்சு மொழியில் இருந்த உணவுப் பட்டியல் புரியாமல் விழித்தார். பக்கத்தில் இருந்த மூதாட்டி ஒருவர் உதவினார். அந்த அம்மையார் இலண்டனில் தம் வீட்டுக்கு ஞாயிறுதோறும் உணவுக்கு வரும்படி அழைத்தார். ஒரு சிறு பயணம், அங்கே வாய்த்த ஒரு சந்திப்பு, அவருக்கு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வீட்டைத் தேடித் தந்தது.

இருவரையும் ஒப்பிட்டு ஒருவரை உயர்த்தி ஒருவரைத் தாழ்த்துவது என் நோக்கம் அன்று. அது நியாயமும் ஆகாது. காந்தி வாழ்ந்தது அமைதிக் காலத்தில், பெருநகரத்தில். இராமானுஜன் வாழ்ந்தது போர்க்காலத்தில், ஆள் ஒழிந்த கல்லூரியில். இருபதுக்கும் மேற்பட்ட ஆராய்ச்சிக் கட்டுரைகளை அந்த நிலையிலும் அவர் எழுதினார் என்பது நம்மைத் தலைவணங்கச் செய்வது. நான் சுட்டிக்காட்டுவது இவ்வளவே: இருவருக்கும் வாய்த்த இடர்கள் பெரும்பாலும் ஒரே வகையானவை. வெளியே நடந்து, கேட்டு, பழகத் தொடங்கிய வழியில் அவை குறைந்தன. அறைக்குள் சுருங்கிய வழியில் வளர்ந்தன.

1917 வசந்த காலத்தில் இராமானுஜன் நோயுற்றார். அதன்பின் மெண்டிப் குன்றுகள், மட்லாக், இலண்டன் என்று மருத்துவமனை மாறி மருத்துவமனையாக அவர் வாழ்க்கை அமைந்தது. காசநோய் என்றே மருத்துவர்கள் பலர் கருதினர். டி. ஏ. பி. யங் என்பவர் பழைய குறிப்புகளை ஆராய்ந்து 1994-இல் எழுதிய கட்டுரையில், அமீபாவால் கல்லீரலில் உண்டாகும் நோயாக அது இருந்திருக்கலாம் என்றார். கண்டறிவது அரிதாயினும், கண்டுபிடித்தால் அக்காலத்திலும் குணப்படுத்தக்கூடிய நோய் அது. சென்னையில் இளமையில் கடுமையான சீதபேதி வந்ததுண்டு. அந்தப் பழைய செய்தி இங்கிலாந்து மருத்துவர்களின் கணிப்பில் உரிய இடம் பெறவில்லை போலும். உடம்பின் பழைய வரலாற்றை மருத்துவரிடம் முழுமையாகச் சொல்வது எத்துணை முக்கியம் என்பதை இதிலிருந்து அறியலாம்.

உடல் நோயோடு மன நோவும் சேர்ந்தது. ஊரில் மாமியார் மருமகள் பிணக்கால் மனைவியின் கடிதங்கள் அவரைச் சேரவில்லை. 1918 தொடக்கத்தில், வாழ்வையே வெறுத்து உயிரைவிடத் துணிந்த ஒரு பொழுதும் வந்தது. நல்வினையாக அன்று அவர் காப்பாற்றப்பட்டார். அதே ஆண்டிலேயே ராயல் சொசைட்டியின் உறுப்பினராகவும், திரினிட்டிக் கல்லூரியின் ஃபெல்லோவாகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்த இருளுக்கும் இந்த ஒளிக்கும் இடையில் சில வாரங்களும் மாதங்களுமே என்பதை மாணவர்கள் மறக்கலாகாது. மனம் இருளும்போது அது முடிவில்லாத இருள் போலத்தான் தோன்றும். அந்த வேளையில் ஒருவரிடமாவது வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்.

நண்பர் ஒருவர் செய்யக்கூடியதற்கும் அவர் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. இராமலிங்கம் என்னும் தமிழர், பொறியாளர், அப்போது இங்கிலாந்தின் வடபகுதியில் வேலையில் இருந்தார். இராமானுஜனை முன்பு ஒருமுறை சந்தித்தவர். 1918 ஜூன் மாதத்தில் அவர் மட்லாக் மருத்துவமனைக்கு ரயிலேறிப் போய், மூன்று நாள் உடனிருந்தார். என்ன உண்கிறார், எதை உண்ண முடியவில்லை, உடல் எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று நேரில் கண்டார். பிறகு ஹார்டிக்கு அதையெல்லாம் விவரித்து நீண்ட கடிதம் எழுதினார். கணிதம் அறிந்தோர் பலர் இராமானுஜனின் சூத்திரங்களைப் பார்த்தார்கள். இவர் அவருடைய தட்டைப் பார்த்தார். விடுமுறைப் பயணம் என்றால் காட்சி காண்பது மட்டும் என்று எண்ணாதீர்கள். நோயுற்ற நண்பனைப் பார்க்கப் போவதும் மேலான பயணமே.

1919 பிப்ரவரியில் ‘நகோயா’ கப்பலில் புறப்பட்டு, மார்ச் 27-இல் இராமானுஜன் பம்பாய் சேர்ந்தார். அங்கிருந்து ரயிலில் ஏப்ரல் தொடக்கத்தில் சென்னை சென்ட்ரலுக்கு வந்தார். ஐந்தாண்டுக்கு முன் எங்கள் பக்கத்துத் துறைமுகத்தில் கப்பலேறியவர், மெலிந்த உடலோடு எங்கள் பேசின் பிரிட்ஜ் வழியாகத்தான் ஊர் திரும்பினார். புறப்படுமுன் பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். தமக்கு அளிக்கப்படும் 250 பவுன் தம் தேவைக்கு மேற்பட்டது. மிஞ்சுவதை ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்குச் செலவிட வேண்டும் என்பதே அதன் கருத்து. 1920 ஏப்ரல் 26-இல், முப்பத்திரண்டாம் வயதில், சென்னைச் சேத்துப்பட்டில் காலமானார்.

இச்செய்திகளில் பல நமக்குக் கிடைத்திருப்பது ஒரு பள்ளி ஆசிரியரின் உழைப்பால். ஜார்ஜ் டவுன் முத்தியாலுப்பேட்டைப் பள்ளியில் கணித ஆசிரியராக இருந்த பி. கே. சீனிவாசன், இராமானுஜனின் கடிதங்களையும் அவரை அறிந்தோரின் நினைவுகளையும் தேடித் தொகுத்து 1968-இல் வெளியிட்டார். 1993-இல் ராயபுரத்தில் அவ்வை கலைக்கழகத்தில் இராமானுஜன் அருங்காட்சியகத்தையும் அமைத்தார். என் மாணவர்களை அங்கே அழைத்துச் சென்றபோதெல்லாம், கணிதக் குறிப்பேடுகளின் படிகளைப் பார்த்தபின் அந்தக் கடிதங்களைப் பற்றியும் சொல்வேன். 1915 ஜனவரியில் எழுதிய ஒரு கடிதத்தில், தமக்கு ஒன்றும் அனுப்ப வேண்டியதில்லை என்றும், நாவை அடக்கப் பழகிவிட்டதால் வெறும் சோற்றையும் சிறிது உப்பையும் எலுமிச்சைச் சாற்றையும் கொண்டே எத்தனை நாளும் வாழ முடியும் என்றும் இராமானுஜன் எழுதுகிறார். ஊரிலிருப்பவர் கவலைப்படக் கூடாதே என்னும் அன்பு அதில் தெரிகிறது. இரண்டே ஆண்டில் அந்த உடல் நோயில் விழுந்தது என்பதும் நமக்குத் தெரியும்.

இனி இக்காலத்துக்கு வருவோம். பேசின் பிரிட்ஜில் ரயில் பெட்டிகளைக் கழுவிச் செப்பனிடும் பணிமனைத் தொழிலாளி ஒருவரின் மகன் என்னிடம் படித்தவன். இப்போது ஜெர்மனியில் ஆஹன் நகரத்தில் இயந்திரப் பொறியியல் படிக்கிறான். 1870-இல் தொடங்கப்பட்ட அங்குள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இந்திய மாணவர் பலர் பயில்கின்றனர். அவன் நாட்கள் எப்படிக் கழிகின்றன என்று நான் கேட்டறிந்ததைச் சொல்கிறேன்.

வாரத்தில் ஐந்து நாள் வகுப்பும் ஆய்வுக்கூடமும். சில நாட்களில் பகுதி நேர வேலை. அயல்நாட்டு மாணவர் ஆண்டுக்கு 140 முழு நாள் அளவே பொதுவாக வேலை செய்யலாம் என்பது 2024 முதல் அந்நாட்டு விதி. அதைக் கடக்காமல் கணக்கு வைத்துக்கொள்கிறான். ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் சட்டப்படி அடைக்கப்பட்டிருக்கும். ஆகையால் சனிக்கிழமை காய்கறி வாங்கி, சாம்பாரும் கூட்டும் வைத்து, குளிர்பெட்டியில் அடுக்கிவிடுகிறான். தன்னோடு தங்கியிருக்கும் மராத்தி இளைஞனும் வியட்நாம் மாணவனும் ஆளுக்கொரு நாள் சமைப்பது என்று ஏற்பாடு. முதல் குளிர்காலத்தில் மாலை நாலரை மணிக்கே இருட்டிவிட்டதைக் கண்டு மனம் சோர்ந்ததாம். பாடம் பின்தங்கியது. அப்போது வகுப்புத் தோழர்கள் சிலர் ஞாயிறுதோறும் நடக்கப் போவதை அறிந்து, அவர்களோடு சேர்ந்துகொண்டான்.

ஆஹன் நகரத்தின் எல்லையில் ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து என்னும் மூன்று நாடுகளும் ஒரு புள்ளியில் கூடுகின்றன. வெறும் 322 மீட்டர் உயரமுள்ள குன்று அது. காட்டு வழியே நடந்து அங்கே போனால், ஒரு கல்லைச் சுற்றிச் சில அடி வைத்து மூன்று நாட்டையும் மிதித்துவிடலாம். அவனுடைய முதல் ‘வெளிநாட்டுப் பயணம்’ அதுதான். செலவு கையில் கொண்டுபோன எலுமிச்சைச் சோறு மட்டுமே. இன்னொரு நாள் ரயிலில் கொலோன் போய், 1248-இல் தொடங்கி 1880-இல் கட்டி முடித்த பேராலயத்தைப் பார்த்து வந்தான். அறுநூறு ஆண்டுக்கு மேல் ஒரு வேலை முடிவு பெறாமல் இருந்ததைப் பார்த்தபின், ஒரு தேர்வில் மதிப்பெண் குறைந்தது பெரிதாகத் தெரியவில்லை என்று அவன் சொன்னபோது நான் சிரித்தேன். ஞாயிறு முழுதும் அறையில் கிடந்து படித்த வாரங்களைவிட, அரை நாள் நடந்து வந்த வாரங்களில் பாடம் நன்றாக ஏறுகிறது என்பது அவன் கண்ட அனுபவம்.

எனவே, வெளிநாடு செல்ல எண்ணும் மாணவர்களுக்குச் சில சொல்ல விரும்புகிறேன். புறப்படுவதற்கு ஆறு மாதம் முன்பே வீட்டு அடுப்படிக்குள் செல்லுங்கள். சோறு, ஒரு குழம்பு, ஒரு ரசம், இரண்டு கறி, இவ்வளவு தெரிந்தால் போதும். ஆண்பிள்ளை பெண்பிள்ளை என்ற வேறுபாடு இதில் இல்லை. போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே மருத்துவரிடம் பதிவு செய்துகொள்ளுங்கள். சிறு வயதில் வந்த நோய்களையும் ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். தெரியாததைக் கேளுங்கள். கம்பளி எங்கே என்று கேட்பதில் இழிவு ஒன்றும் இல்லை. வாரத்தில் ஒரு வேளையாவது பிறரோடு உட்கார்ந்து உண்ணுங்கள். மாதத்தில் இரண்டு ஞாயிறாவது நகரத்தை விட்டு வெளியே நடந்து வாருங்கள். புதிதாக வந்த மாணவன் எவனேனும் அறைக்குள் முடங்கிக் கிடந்தால், மஹலனோபிஸைப் போலப் போய்க் கதவைத் தட்டுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு சொல். அக்காலத்தில் ஒரு கடிதம் சேர மூன்று நான்கு வாரம் ஆயிற்று. இன்றோ நாள்தோறும் முகம் பார்த்துப் பேசுகிறீர்கள். ‘சாப்பிட்டாயா?’ என்று கேட்கிறீர்கள். ‘சாப்பிட்டேன்’ என்று விடை வருகிறது. உப்பும் எலுமிச்சையும் போதும் என்று எழுதிய அந்தப் பழைய கடிதத்தைப் போன்றதே இந்த விடையும். ஆகையால் இனிமேல் சற்று விரிவாகக் கேளுங்கள். என்ன சமைத்தாய்? யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டாய்? நேற்று எத்தனை மணிக்குப் படுத்தாய்? போன ஞாயிறு எங்கே போனாய்? இந்த வினாக்களுக்குப் பிள்ளை தயங்காமல் விடை சொன்னால், அவன் படிப்பைப் பற்றி நீங்கள் பெரிதும் கவலைப்பட வேண்டியதில்லை. தயங்கினால், மதிப்பெண்ணைப் பற்றிய பேச்சை அன்றைக்கு நிறுத்திவிட்டு, அவன் பேசுவதைப் பொறுமையோடு கேளுங்கள்.